நீலம் என்று நான் சொன்ன பச்சை

பனகல் பார்க்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிளவுஸுக்கு மேட்சிங் துணி எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் என் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, நடைபாதையில் துணி விரித்து, அப்புறம் ஒரு ஷட்டர் கடை, அப்புறம் அதற்கு மேல் மாடி என்று எழுந்தவன். எனக்குக் கணக்கு எழுத ஆள் வைத்தேன், விற்க ஆள் வைத்தேன். கலர் பார்க்க மட்டும் ஆள் வைத்ததில்லை. புடவையைப் பையிலிருந்து பாதி எடுக்கும்போதே, அது கிளிப்பச்சையா, ராமர் பச்சையா, மயில்கழுத்தா, வெங்காயத் தோலா என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரே ஒரு துணிக்கட்டை உருவிப் போடுவேன். இரண்டாவது கட்டை உருவினால் எனக்கு அவமானம். பட்டுப் புடவை விற்கிற பெரிய கடைக்காரர்களே தங்கள் வாடிக்கைக்காரர்களை என்னிடம் அனுப்புவார்கள்.

இப்போது கடைக்கு வருகிறவர்களில் பலர் துணியைப் பற்றிக் கேட்பதில்லை. "உங்களுக்கும் சர்க்கரையாமே, வீட்டிலேயே ரத்தம் பார்க்கிறீர்களாமே, வலிக்குமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்காகச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பயந்தவன் எழுதுகிறான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்த நோயில் பயப்படாமல் இருந்தபோதுதான் நான் சாகப் பார்த்தேன்.

முதலில் மோதிரம் கழன்று விழுந்தது. துணி கிழிக்கும்போது கை வீச்சில் விரலை விட்டுப் போய், வெட்டுத் துண்டுகளுக்குள் மறைந்துவிட்டது. கடை ஆட்கள் எல்லோரும் குனிந்து தேடினார்கள். நான் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குளத்து மீன் மாதிரி இருந்த விரல், அகப்பைக் காம்பு மாதிரி ஆகியிருந்தது. தாகம் தாகம் என்று பானைத் தண்ணீரைக் காலி செய்கிறேன், உடம்பு இளைக்கிறது, வெயில் காலம் அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்லக்கனி அன்றைக்கு விடவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் அம்மாவுக்கு வயது என் அக்கா வயது இருக்கும். மெதுவாகப் பேசுவார், ஆனால் பேசியதை மாற்ற மாட்டார். ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழல், அதன் முனையில் ஒரு இரும்பு ஊசி. ஒருவருக்குக் குத்தியதை வெந்நீரில் கொதிக்கப் போட்டு அடுத்தவருக்குக் குத்துவார்கள். கொதித்துக் கொதித்து முனை மழுங்கியிருக்கும். முழங்கை மடிப்பில் ரப்பர் குழாயைக் கட்டி, நரம்பைத் தட்டி எழுப்பி, அதை உள்ளே விட்டபோது சதை நறநறவென்று கிழிவது எனக்கே கேட்டது. கண் விழித்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன். செல்லக்கனி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். காலையில் சாப்பிடாமல் வரச் சொன்னதால் மயக்கம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

சர்க்கரை நோய் என்றால், நாம் சாப்பிடுவது ரத்தத்தில் சர்க்கரையாகக் கலந்து, உடம்புக்குள் சேராமல் அங்கேயே தேங்கிக் கிடப்பது. தேங்கியது சிறுநீரில் வழியும். தேங்கினால் என்ன என்று கேட்டேன். கால், கண், சிறுநீரகம் என்று டாக்டர் அம்மா சொல்லிக்கொண்டே போனார். நான் கண் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

மாத்திரை கொடுத்தார். மாதம் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், நடுவில் வீட்டிலேயே சிறுநீரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதற்கு ஒரு நீல மருந்து. மயில்துத்தம் கரைத்த தண்ணீர் போல இருக்கும். அதைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை வழியவில்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் கூட. ஆரஞ்சு, செங்கல் என்று போனால் ஆபத்து.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. கலர் பார்க்கிற வேலை. கடவுள் எனக்கென்றே செய்த பரீட்சை என்று நினைத்தேன். டாக்டர் அம்மா வீட்டு வராந்தாவில் காத்திருக்கிறவர்கள் சிலர் குழாயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, இது மஞ்சளா பச்சையா என்று முழிப்பார்கள். நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது எலுமிச்சை. போன வாரம் மாம்பழத்தில் இருந்தீர்கள், இறங்கியிருக்கிறது" என்று சொல்வேன். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் என் பக்கத்தில் உட்காருவதற்காகவே சீக்கிரம் வருவார்.

என் குழாய் முதலில் செங்கல், பிறகு மஞ்சள், பிறகு பச்சை, பிறகு நீலம் என்று ஒழுங்காக இறங்கியது. நீலம் வந்த பிறகு மாதாந்திர ரத்தத்துக்கு நான் போகவில்லை. கடையில் ஆடிக் கழிவு, தீபாவளி என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அந்த மழுங்கிய ஊசி. ஒரு வருஷம், இன்னொரு வருஷம் என்று நீலத்திலேயே போயிற்று. நாளாக ஆக மாத்திரையையும் நானே பாதியாக்கினேன். நீலமாக இருக்கிறவனுக்கு எதற்கு முழு மாத்திரை?

ஒரு நாள் காலையில் குழாயை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பல் துலக்கப் போயிருந்தேன். செல்லக்கனி அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, இது பச்சையால்லா தெரியுது? நீலம்னு சொல்லுதீக?"

நான் சிரித்தேன். "ஊரே எங்கிட்ட வந்து கலர் கேக்குது. நீ எனக்குச் சொல்லித் தாரியா? போயி காப்பி போடு."

அவள் போய்விட்டாள். அதற்கு அப்புறம் குழாயைப் பற்றி அவள் பேசவில்லை.

அதே சமயத்தில் கடையில் ஒன்று நடந்தது. மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வருவார். பாட்டு டீச்சர். கச்சேரிக்குக் கட்டுகிற புடவை அத்தனைக்கும் பிளவுஸ் துணி என்னிடம்தான். அவர் ஒரு மயில்கழுத்துப் புடவைக்கு வாங்கிப்போன துணியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கோ, ஆத்துல கொண்டுபோய்ப் பார்த்தா ஒட்டவே இல்லை. புடவை பச்சையடிக்கறது, துணி நீலமா இருக்கு" என்றார். என் தொழிலில் இப்படிச் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: எல்லாம் ட்யூப் லைட் செய்கிற வேலை. அவரை வாசலுக்குக் கூட்டிப்போய், வெயிலில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, இருக்கட்டும், இதையே தைத்துக்கொள்கிறேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மில்லில் யாரோ புது ஆள் சாயத்தைக் கெடுத்துவிட்டான் என்று மில் ஏஜெண்டை அன்றைக்குக் கண்டபடி திட்டினேன்.

தீபாவளிக்கு வாங்கிய புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது. வலிக்கவில்லை. வலிக்காததைப் பலம் என்று எடுத்துக்கொண்டேன். கடித்த இடம் புண்ணாகி, புண் கறுத்து, கணுக்கால் வரைக்கும் வீங்கியபோது காய்ச்சல் வந்தது. குழாய் பார்க்கவும் இல்லை. பார்த்த நீலத்தையே எத்தனை நாள் பார்ப்பது என்று விட்டிருந்தேன். வாந்தி எடுத்தேன். என் மூச்சில் அழுகிய பழ வாடை வருகிறது என்று செல்லக்கனி சொன்னது நினைவிருக்கிறது. டாக்ஸியில் ஏற்றியது நினைவிருக்கிறது. சைதாப்பேட்டைப் பாலம் வந்தபோது, "கடையப் பூட்டியாச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேனாம். அது நினைவில்லை.

டாக்டர் அம்மா ரவுண்ட்ஸ் போகிற நர்சிங் ஹோம் அடையாறில் இருந்தது. எனக்குத் தெளிவு வந்தபோது இரண்டு கையிலும் ஊசி, ஒன்றில் குளுக்கோஸ் இல்லாத உப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இனி மாத்திரை போதாது, இன்சுலின் என்றார்கள். உடம்பு தானே சுரக்க வேண்டிய சாறு அது; சுரக்காதபோது ஊசியில் ஏற்றுகிறார்கள். காலைச் சுத்தம் செய்து பெரிய கட்டுப் போட்டிருந்தார்கள்.

எதிர்க் கட்டிலில் பெயிண்ட் கடைக்காரர் ஒருவர். நல்ல தாட்டியான ஆள், ஜோக் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் போர்வை ஒரு பக்கம் பாதம் வரை மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டேன். காலையில் கட்டுப் பிரிக்க வருகிறவர்களின் காலடி கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். என்னால் கூட்டத்தில் நின்று கொண்டு வேலை செய்ய முடியாவிட்டால் என்ன ஆகும்? உட்கார்ந்து கொண்டு துணி கிழிக்க முடியுமா? இதையே யோசித்துக்கொண்டிருப்பேன். செல்லக்கனி சுடுதண்ணீரில் துணியை நனைத்து, நல்ல காலின் விரல் இடுக்கையெல்லாம் துடைப்பாள். "இந்தக் காலு இருக்கு, அந்தக் காலும் இருக்கும்" என்பாள். வேறு தைரியம் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ரத்தம் எடுக்க வருகிறவன் பெயர் தாஸ். சைதாப்பேட்டைக்காரன். விரல் நுனியில் குத்திச் சொட்டு எடுப்பான். அவன் கையில் இருந்தது தகரத்தை முக்கோணமாக வெட்டின மாதிரி ஒரு முனை. அவன் டிரே சத்தம் வராந்தாவில் கேட்டால் நான் இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொள்வேன். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கடையில் விற்கிற தையல் ஊசியில் மிகவும் சன்னமானதை வீட்டிலிருந்து வரவழைத்து, "தம்பி, இதால குத்து, வலிக்காது" என்று நீட்டினேன்.

"துணி தைக்கிற ஊசில ரத்தம் எடுக்கச் சொல்றியே நைனா, நான் இன்னா டைலரா?" என்றான் தாஸ். பெயிண்ட் கடைக்காரர் கட்டில் குலுங்கச் சிரித்தார். அது துருப்பிடித்தாலும் தெரியாது, எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்கும் கிடையாது, அதோடு உன் கால் புண்ணே ஆறாத புண், விரலையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்ளாதே என்று பிறகு தணிவாகச் சொன்னான்.

வார்டிலும் அந்த நீல மருந்துப் பரீட்சை உண்டு. சில நாளில் என் குழாய் செங்கல்லிலிருந்து இறங்கிவிட்டது. ஒரு காலை, தாஸ் கொதிக்க வைத்துக் கொண்டுவந்த குழாயைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீலம். நான் பிழைத்துவிட்டேன், கால் பிழைத்துவிட்டது. டாக்டர் அம்மா உள்ளே நுழைந்ததும், நீலம் வந்துவிட்டது, என்னை வீட்டுக்கு அனுப்புங்கள், தை மாசம் வியாபாரம் தவறக் கூடாது என்று கேட்டேன்.

"இன்னா நைனா, பச்சையா கீது, நீலம்ன்றியே" என்றான் தாஸ்.

நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். யாரிடம் பேசுகிறான் என்று அவனுக்குத் தெரியாதே. டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. சிறுநீர் விடாத வெறும் மருந்தை இன்னொரு குழாயில் ஊற்றிக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் ஜன்னல் பக்கம் பிடித்தார்.

"எது வெறும் மருந்து, சொல்லுங்கோ பார்ப்போம்."

பார்த்தேன். ஒன்று நீலம். மற்றதும் நீலம், கொஞ்சம் அழுக்கு. நான் ஒன்றைக் காட்டினேன். பிறகு மற்றதைக் காட்டினேன். பெயிண்ட் கடைக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரும் கலரில் பிழைக்கிறவர்தானே.

"நீங்க சொல்லுங்கோ" என்றார் டாக்டர் அம்மா, செல்லக்கனியிடம்.

அவள் என்னைப் பார்க்காமல் சரியான குழாயைத் தொட்டாள். "இது நீலம். அது பச்சை. வீட்டுலயும் பச்சையாத்தான் இருந்துச்சும்மா. இவுக நீலம்னு சொன்னாக. இவுக கண்ணு தப்பாதே, அதனால என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

டாக்டர் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விளக்கினார். தேங்கிய சர்க்கரை கண்ணுக்குள் பின்பக்கச் சுவரில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். பார்வை மங்குவதற்கு முன்னாலேயே சிலருக்கு நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் போய்விடும். போனது போனவருக்குத் தெரியாது. ஏனென்றால் ஒன்றும் இருட்டவில்லை. எல்லாம் பளிச்சென்றுதான் தெரிகிறது. நான் என்னிடம் இல்லாத கண்ணால் என் சர்க்கரையை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மரணத்துக்குப் பயந்திருக்கிறேன், காலுக்குப் பயந்திருக்கிறேன். அன்றைக்கு வந்த பயம் வேறு. கடை அலமாரியை மனதுக்குள் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். பச்சை வரிசை எது, நீல வரிசை எது? எத்தனை பெண்கள் அந்த மாமி மாதிரி ஒன்றும் சொல்லாமல் மடித்து எடுத்துப்போனார்கள்? கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் விளக்கடித்துப் பார்த்தார்கள். இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதற்கும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஒன்றுதான் வழி. ரத்தத்திலேயே பார்த்து, சரியாக வைத்துக்கொண்டால் கண் நிற்கும். இல்லாவிட்டால் வெளிச்சமும் போகும்.

ஆக, ரத்தம் பார்க்க வேண்டும். எதால் பார்ப்பது என்பதுதான் கேள்வி. வாராவாரம் வந்து கண்ணாடிக் குழல் ஊசியில் கொடுப்பது ஒன்று. அதற்கு நான் மறுபடி ஏதாவது சாக்குச் சொல்லி ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும். டாக்டர் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த காகிதப் பட்டை. தீக்குச்சியை விடக் கொஞ்சம் அகலம். அதன் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, தண்ணீரில் கழுவினால் கலர் மாறும். பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கிற கலர்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கிற மைத்துனர் வாங்கி அனுப்ப ஒப்புக்கொண்டார். வலி குறைந்த கருவி எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், வலிக்கிற கருவி அலமாரியிலேயே கிடக்கும் என்றார் டாக்டர் அம்மா. எனக்குச் சொன்ன புத்திகளில் இதுதான் பெரியது.

குத்துகிற வித்தையைச் செல்லக்கனிக்குத் தாஸ் கற்றுக்கொடுத்தான். கேட்கிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன். விரலின் நடுச் சதையில் குத்தக் கூடாது, அங்கேதான் உணர்ச்சி அதிகம். ஓரத்தில் குத்த வேண்டும். முன்னால் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கொஞ்ச நேரம் தொங்கவிட்டால், லேசாகக் குத்தினாலே சொட்டு வரும். ஸ்பிரிட் தடவினால் முழுக்கக் காய வேண்டும், ஈரத்தில் குத்தினால் எரியும். குத்துகிற முனையைச் சிக்கனம் பிடித்து மழுங்கும் வரை வைத்திருக்கக் கூடாது. ஒரே விரலைப் படுத்தாமல் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்களை விட்டுவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். பட்டைப் பாட்டிலை உடனே மூட வேண்டும். நம்மூர் ஈரக் காற்றில் பாழாகிவிடும். பட்டை சுலபமாகக் கிடைக்கவில்லை என்பதால் நெடுக்காக இரண்டாக வெட்டிக்கொள்ளலாம் என்றான் தாஸ். அதை நான் வெட்டுவேன். அந்தச் சின்னப் பட்டையைச் சரிபாதியாக, பிசிறு இல்லாமல் என்னைப் போல வெட்ட இந்தப் பட்டணத்தில் ஆள் இல்லை.

ஆனால் பட்டையில் நீலம் நல்லதல்ல. வெளுப்பாக இருந்தால் சர்க்கரை குறைவு, நீலம் ஏற ஏறச் சர்க்கரை கூட. முதல் நாள் வீட்டில் பார்த்தபோது, செல்லக்கனி குத்தினாள், கழுவினாள், பட்டையை எடுத்துக்கொண்டு பால்கனி வெளிச்சத்துக்குப் போனாள். நான் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நாற்காலியில் இருந்தேன். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. என் மன ஆறுதலுக்காக ஒரு கலரைக் குறைத்துச் சொல்லிவிடுவாளோ என்று பயம். முன்பு நான் அதட்டியதற்குப் பயந்து குறைத்துச் சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பயம்.

"சொல்லு" என்றேன்.

"நேத்து ராத்திரி ரெண்டு தோசை கூடத் தின்னீகளா?"

"ஒண்ணுதான்."

"பட்டை ரெண்டுங்குது" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. இவள் குறைத்துச் சொல்ல மாட்டாள்.

கால் தங்கிவிட்டது. குதிகாலில் ஒரு குழி மட்டும் இருக்கிறது. நின்றுகொண்டு வேலை செய்கிறேன். கண் இன்னும் அங்கேயே நிற்கிறது. ஒவ்வொரு காலையும் அந்த ஒரு நிமிஷம் பயத்தில்தான் போகிறது. இப்போது அந்தப் பயத்தை நான் விரட்டுவதில்லை.

செல்லக்கனி கடைக்கு வந்து கல்லாவில் உட்காருகிறாள். முதலாளியம்மா பணம் வாங்க வந்துவிட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். துணி வெட்டுகிற கத்தரிக்கோல் இப்போது அவள் கைக்குக் கீழே இருக்கிறது.

போன வாரம் அந்தப் பாட்டு டீச்சர் மாமி வந்தார். ஆஸ்பத்திரி விஷயம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து மேஜையில் வைத்தார். பாதி பிரித்ததும், "மயில்கழுத்து" என்று என் வாய் முந்திக்கொண்டது. அலமாரியிலிருந்து ஒரு கட்டை உருவி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், புடவையோடு சேர்த்துப் பிடித்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. கல்லாவைப் பார்த்தேன்.

செல்லக்கனி சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை கத்தரிக்கோல் மேல் இருந்தது. நகரவில்லை.

கட்டைத் திரும்ப வைத்துவிட்டு, அடுத்ததை உருவினேன். என் கடையில் நான் இரண்டாவது கட்டை உருவுவதை மாமி முதல்முறையாகப் பார்க்கிறார். அதற்கும் செல்லக்கனி கை நகரவில்லை. மூன்றாவதை உருவினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். இதுவும் எனக்கு அதே மாதிரிதான் தெரிந்தது.

மேஜை மேல் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. கத்தரிக்கோல் என் பக்கம் வந்து நின்றது. நான் அளந்து வெட்டினேன்.